கப்பலேறி வந்த கிழங்கு

எனக்குச் சந்தேகப் புத்தி என்று என் மனைவி ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறாள். புத்தி இல்லை, அது தொழில். ஆவடியில் ராணுவத் தளவாடம் செய்கிற தொழிற்சாலையில் முப்பத்து நான்கு வருஷம் பரிசோதனைப் பிரிவில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு பாகம் என் மேஜைக்கு வந்தால், இதில் எங்கோ ஒரு கோளாறு ஒளிந்திருக்கிறது என்று வைத்துக்கொண்டுதான் கையில் எடுப்பேன். தேறினால் பச்சைப் பெயிண்ட், தேறாவிட்டால் சிவப்பு. செய்தவன் என் சிநேகிதனாக இருந்தாலும் சிவப்புதான். ஓய்வு பெற்ற அன்று மாலை போட்டு, சால்வை போர்த்தி, பெயிண்ட் டப்பாவை வாங்கி வைத்துக்கொண்டு அனுப்பினார்கள். கண்ணை வாங்கி வைத்துக்கொள்ள யாருக்கும் தோன்றவில்லை. அதை நான் வீட்டுக்கு எடுத்து வந்துவிட்டேன்.

வீடு அயனம்பாக்கம் ஏரிக்குப் பக்கத்தில், இரண்டாவது மாடி. நான், மனைவி, எண்பத்தொரு வயது அம்மா, மூன்று பேர். அப்பா போய் இரண்டு வருஷம் ஆகிறது. அவருக்குச் சர்க்கரை வியாதி. காலில் புண் வந்து ஆறாமல் போன பிறகு, கடைசி ஒரு வருஷம் அவருடைய சாப்பாடு முழுக்க என் பரிசோதனையில் இருந்தது. டாக்டர் ஒரு பங்கு சொன்னால் நான் மூன்று பங்கு செய்தேன். உருளைக்கிழங்கு கூடாது, மாம்பழம் கூடாது, இரண்டாவது கரண்டி சாதம் கூடாது. அவர் சட்டைப் பையைத் தடவிப் பார்ப்பேன். குப்பைக் கூடையைக் கிளறித் தோல் ஏதாவது கிடக்கிறதா என்று பார்ப்பேன். சிரிக்காதீர்கள், இரண்டு தடவை ஆரஞ்சு மிட்டாய்க் காகிதம் அகப்பட்டது.

ஒரு நாள் பென்ஷன் விஷயமாக ஆவடிக்குப் போகிறேன் என்று கிளம்பினார். எனக்கு மூக்கில் வியர்த்தது. பின்னாலேயே ஸ்கூட்டரில் போனேன். பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, அவித்த வேர்க்கடலையும் சக்கரவள்ளிக்கிழங்கும் விற்கிற வண்டிக்குப் பக்கத்தில், காகிதத்தில் வைத்து ஊதி ஊதித் தின்றுகொண்டிருந்தார். கையும் களவுமாகப் பிடித்தேன். பாதிக் கிழங்கைப் பிடுங்கிச் சாக்கடையில் எறிந்தேன். கல்யாணத்துக்கு முன்னால் ஆவடியில் தனியாக இருந்தபோது ராத்திரிச் சாப்பாடே அவருக்கு அந்தக் கிழங்குதானாம். அப்பா விரல்களை வேட்டியில் துடைத்துக்கொண்டார். வண்டிக்காரன்தான், "இன்னா சார், பெரியவரு கையில போய் புட்ங்கிறியே" என்றான். "உன் வேலையைப் பாரு" என்று கத்தினேன். நான் செய்தது சரி என்றுதான் அன்றைக்கு நினைத்தேன், அதற்கப்புறமும் ரொம்ப நாள் நினைத்தேன்.

அவர் போன பிறகு அம்மா அழுதது கொஞ்சம்தான். ஆனால் ஒரே ஒரு வாக்கியத்தை விடாமல் சொல்லிக்கொண்டிருந்தாள்: "பசியோட அனுப்பிட்டோம்டா அவரை." காப்பி குடிக்கும்போது சொல்வாள். துணி மடிக்கும்போது சொல்வாள். அந்த 'ட்டோம்' எனக்குப் பிடிக்காது. அதற்குள் என்னையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறாளோ என்று சந்தேகம்.

முதல் வருஷத் திவசத்தை ஒரு மடத்தில் முடித்தோம். அங்கே அவர்களே சமைத்து, அவர்களே பரிமாறி, பன்னிரண்டரைக்குள் வெளியே அனுப்பிவிட்டார்கள். எனக்குச் சௌகரியமாக இருந்தது. இந்த வருஷம் ஆவணி பிறப்பதற்கு முன்பே அம்மா ஆரம்பித்துவிட்டாள்.

"இந்தத் தடவை ஆத்துலதான் பண்ணணும்."

"எதுக்கும்மா? உனக்கு நிக்கவே முடியலையே."

"மடத்துல யாருக்கோ சமைச்ச மாதிரி இருந்தது. வருஷத்துக்கு ஒரு நாள் அவர் சாப்பிட வரார். ஒரே ஒரு காயாவது என் கையால பண்ணிப் போடணும்."

"என்ன காய்?"

"பண்றப்போ பாரேன்."

அவ்வளவுதான், எனக்குள்ளே மணி அடித்துவிட்டது. என்ன காய் என்று கேட்டால் காயின் பெயரைச் சொல்ல வேண்டியதுதானே? மறைப்பதற்கு என்ன இருக்கிறது?

திவசச் சமையலுக்கு ஒரு கணக்கு உண்டு. மிளகாய் கிடையாது, மிளகுதான். உருளைக்கிழங்கு, தக்காளி, கோஸ், கேரட், பீன்ஸ் எதுவும் வாசற்படி தாண்டக் கூடாது. வாழைக்காய், சேனை, பாகல், புடலை, அவரை, பிரண்டை என்று பழைய ஆட்களுக்கு மட்டும்தான் இலையில் இடம். அப்பாவுக்கு உருளைக்கிழங்கென்றால் உயிர். அம்மா அதைத்தான் திருட்டுத்தனமாக உள்ளே கொண்டுவரப் போகிறாள் என்று நான் முடிவு கட்டிவிட்டேன்.

திவசத்துக்கு இரண்டு நாள் முன்னால் சந்தேகம் வலுத்தது. எங்கள் தெருவுக்கு வருகிற தள்ளுவண்டிக்காரரிடம் வாழைக்காய் பொறுக்கிக்கொண்டிருந்தேன்.

"அமுக்கி அமுக்கிப் பாக்காத சார், அது இன்னா டயரா?" என்றார். பிறகு, "அம்மாதான் காலைலயே வந்து வாங்கிகினு போச்சே" என்றார்.

"எங்க அம்மாவா? கீழே இறங்கி வந்தாங்களா? என்ன வாங்கினாங்க?"

மனுஷர் தராசைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். "சொல்லக் கூடாதுன்னு சொல்லிகீது சார். நீயே ஊட்ல கேட்டுக்க."

மூட்டு வலிக்காரி. லிஃப்ட் என்றால் பயம். இரண்டு மாடி இறங்கி, ஒரு காய் வாங்கி, அதைச் சொல்லக் கூடாது என்று வண்டிக்காரரிடம் சத்தியம் வேறு வாங்கியிருக்கிறாள்! மாடியேறி வந்து மனைவியிடம், "உனக்கும் இதில் பங்கு உண்டா?" என்று கேட்டேன்.

"ஏன்னா, உங்களுக்கு வேற வேலையே இல்லையா? அவா என்னமோ பண்ணிட்டுப் போறா. விடுங்கோ" என்றாள். விடுங்கோ என்கிற சொல்லைக் கேட்டால் எனக்குச் சந்தேகம் இரட்டிப்பாகும். அவளுக்கும் தெரிந்திருக்கிறது.

மறுநாள் காலை ஏரிக்கரையில் நடக்கும்போது பாயிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். பாய் பூந்தமல்லிக்காரர், என்னோடு வேலை பார்த்தவர், ஸ்டோர்ஸ் பிரிவு. அவருடைய பாட்டன் பூட்டன் எல்லாம் தோலும் மிளகும் வியாபாரம் செய்தவர்கள். அந்த வாசனையோ என்னவோ, ஓய்வு பெற்ற பிறகு கடல் வியாபாரத்தைப் பற்றிய புத்தகங்களை வாங்கி வாங்கிப் படிக்கிறார். சர்க்கரைக்காகத் தினமும் அங்கிருந்து வண்டியில் வந்து என்னோடு ஏரியைச் சுற்றுவார். சுற்றும்போது ஒரு கப்பலையாவது கரை சேர்க்காமல் விட மாட்டார்.

"இன்னா ஐயரே, மூஞ்சி உர்னு கீது?"

விஷயத்தைச் சொன்னேன். மனைவி எழுதி வைத்திருந்த திவசக் காய்ப் பட்டியலையும் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினேன். பாய் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் படித்துவிட்டு, நின்ற இடத்திலேயே சிரித்தார்.

"அட, இது சமையல் லிஸ்டு இல்லய்யா. எங்க ஸ்டோர்ஸ் ரிஜிஸ்டரு மாதிரி கீது. எவன் கப்பல்ல வந்தான், எவன் இங்கயே கீறான்னு பிரிச்சு வெச்சுகீறீங்க."

அப்புறம் ஏரியின் பாதிச் சுற்றுக்குச் சரித்திரம்தான். காற்று திரும்புகிற மாதத்தைக் கண்டுபிடித்துக்கொண்டு எகிப்துப் பக்கத்திலிருந்து ரோமானியக் கப்பல்கள் நேராக நடுக்கடலைக் கடந்து நம் கரைக்கு வந்தனவாம். தங்கக் காசையும் மதுச் சாடியையும் இறக்கிவிட்டு, மிளகு மூட்டையை ஏற்றிக்கொண்டு, காற்று மறுபடி திரும்பும் வரை காத்திருந்து போனார்களாம். அரபிக்காரர்கள் வந்தார்கள், சீனாக்காரர்கள் வந்தார்கள். ரொம்பக் காலம் கழித்து, இதே மிளகுக்கு ஆசைப்பட்டு ஆப்பிரிக்காவைச் சுற்றிக்கொண்டு பரங்கிக்காரன் வந்தான். ஸ்பெயின்காரன் அந்தப் பக்கமாக, மெக்சிகோவில் வெள்ளியை ஏற்றிக்கொண்டு பெரிய சமுத்திரத்தைத் தாண்டி மணிலாவுக்குப் போனான்.

"மொளகு கேட்டு வந்தவன்தான் மொளகாவை எறக்கிட்டுப் போனான். உருளை, தக்காளி, மக்காச்சோளம், முந்திரி, பப்பாளி, கொய்யா, வேர்க்கல்ல, அல்லாம் அந்தக் கப்பல்ல வந்ததுதான். கோஸும் பீன்ஸும் கேரட்டும் அப்புறமா வந்து ஒட்டிகினது."

"யார் பார்த்தது?" என்றேன். என் வழக்கம் அது. "கரையில் ரோமானியக் காசு கிடைத்தது, சாடித் துண்டு கிடைத்தது என்கிறீரே, காசு எவன் இடுப்பிலும் வரும். அதை வைத்துக்கொண்டு கப்பல் வந்தது என்று எப்படிச் சொல்கிறீர்? சரக்கை இறக்கினவன் கையெழுத்து இருக்கிறதா?"

"அட போய்யா! ரெண்டாயிரம் வருசத்து ஆளுகிட்ட கையெழுத்து கேக்குற நீ." பாய் பட்டியலை என் கையில் திணித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, குரலைத் தாழ்த்தினார். "சரி, நீ பெரிய இன்ஸ்பெக்டராச்சே. உன் லிஸ்டுல ஒரு திருடன் உள்ள பூந்துகினு கீறான், அது தெரியுமா?"

கடைசி வரியில் சக்கரவள்ளிக்கிழங்கு என்று இருந்தது.

"இதுவா? இது காலங்காலமாகத் திவசத்தில் போடுவதாச்சே."

"அதான் சொல்றேன். உருளைக்கு முன்னாடி வந்த ஆளு. அதுவும் அதே அமெரிக்காதான், அதே பரங்கிக் கப்பல்தான். நைசா வந்து உங்க ஆளு மாதிரியே ஒக்காந்துகினான். ஆனா ஐயரே, அதோட கதையே வேற. அது மொதல்ல..."

நான் மீதியைக் கேட்கவில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. நூற்றுக்கணக்கான வருஷமாக எத்தனை புரோகிதர்கள், எத்தனை சமையல்காரர்கள் கண்ணில் மண்ணைத் தூவிய கள்ளச் சரக்கு! அது என் கையில் மாட்டியிருக்கிறது! பாயை அங்கேயே விட்டுவிட்டு வேகமாக வீட்டுக்கு நடந்தேன். "யோவ், மீதிய கேட்டுகினு போய்யா" என்று பின்னால் குரல் வந்தது. கையை ஆட்டிவிட்டுப் போய்விட்டேன்.

வந்ததும் வாத்தியாருக்குப் போன் போட்டேன். எங்கள் வீட்டுப் புரோகிதர் அவர்தான். ஆட்டோவில் எங்கோ போய்க்கொண்டிருந்தார்.

"சக்கரவள்ளிக்கிழங்கு போடலாமா?"

"தாராளமா போடலாமே. எங்காத்துலயும் உண்டு."

"அது அமெரிக்காவிலிருந்து கப்பலில் வந்தது, தெரியுமா உங்களுக்கு?"

ஆட்டோச் சத்தத்துக்கு மேலே குரலை உயர்த்தி, "அதெல்லாம் நேக்குத் தெரியாது. பெரியவா போட்டிருக்கா, நாமும் போடறோம். உங்களுக்கு மனசு ஒப்பலேன்னா விட்டுடுங்கோ" என்றார். இதை நான் ஒப்புதல் வாக்குமூலமாக எடுத்துக்கொண்டேன். பட்டியலில் கடைசி வரியைச் சிவப்புப் பேனாவால் அடித்தேன்.

அன்று மத்தியானம் அம்மா சாப்பிட்டுவிட்டுக் கண்ணயர்ந்தாள். அவளுடைய அலமாரியைத் திறந்தேன். அறுபத்து மூன்று வயது மகன், பெற்றவளின் புடவைகளுக்கு நடுவே கையை விட்டுத் துழாவினேன். இப்போது எழுதும்போது வெட்கமாக இருக்கிறது. அப்போது இல்லை. மூன்றாவது தட்டில், அப்பாவின் பழைய துண்டில் சுற்றி, ஒரே ஒரு கிழங்கு. உருளைக்கிழங்கு என்று நினைத்துப் பிரித்தேன். சக்கரவள்ளி. ரோஸ் நிறத் தோல், நல்ல பருமன், மண்கூடக் கழுவித் துடைத்து வைத்திருந்தாள்.

திரும்பினால், கட்டிலில் எழுந்து உட்கார்ந்து என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறாள்.

"இதைப் போடறதுக்கா இத்தனை ஒளிவு மறைவு?" என்றேன்.

"லிஸ்ட்ல இருக்கறதுதானேடா. நீ பார்த்தா வேண்டாம்பேன்னுதான் வெச்சேன். இந்தப் பேரைச் சொன்னாலே நீ குதிப்பே."

"லிஸ்டில் இல்லை. எடுத்தாச்சு. இதுவும் கப்பலில் வந்ததுதான், உருளைக்கிழங்குக்கு அண்ணன்."

"என்ன கப்பலோ, எனக்கு ஒண்ணும் தெரியாது. அவருக்குப் பிடிக்கும்டா."

"பிடிக்கும் என்றால் உருளைக்கிழங்குப் பொடிமாஸ்கூடப் பிடிக்கும். போடலாமா? நியாயமா இருக்கா? முறையாகப் பண்ணணும் என்றால் முறையாகப் பண்ணணும்."

"ஒரு துண்டு, ஒரே துண்டு போட்டா போதும்டா."

அப்போது நான் அந்த வார்த்தையைச் சொன்னேன். எனக்கு வாய் கொழுப்பு என்று சொல்கிறவர்கள் சொல்லட்டும், உண்மைதான். "உனக்கும் சர்க்கரை இருக்கே. நமக்கும் அதேதானே இலையில் விழும்? உனக்குத் தின்ன ஆசை, அப்பா பேரைச் சொல்றே" என்றேன்.

அம்மா என்னைப் பார்த்தாள். பிறகு படுத்துச் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டாள். "சரி, எடுத்துண்டு போ" என்றாள். சண்டை போடாமல் விட்டுக்கொடுத்தது எனக்கு இன்னும் சந்தேகமாக இருந்தது. இன்னொரு கிழங்கு வேறெங்காவது வைத்திருக்கிறாளோ என்று அரிசி டின்னைக்கூடத் திறந்து பார்த்தேன். வீட்டில் வைத்தால் மறுபடி எடுத்துவிடுவாள் என்று, கிழங்கைக் கொண்டுபோய் என் ஸ்கூட்டர் டிக்கியில் போட்டுப் பூட்டினேன்.

திவசம் குறையில்லாமல் நடந்தது. குறை சொல்ல என்னைவிட்டால் ஆள் ஏது? நானே குறை சொல்லவில்லை. வாழைக்காயும் பாகற்காயும் சேனையும், மிளகு போட்ட குழம்பும், வடையும், எள்ளுருண்டையும். அம்மா சமையலறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்து மனைவிக்குக் காய் நறுக்கிக் கொடுத்தாள். தன் கையால் எதையும் அடுப்பில் ஏற்றவில்லை. "ஏதாவது பண்ணுங்கோம்மா" என்று மனைவி சொன்னதற்கு, "எல்லாம் ஆயிடுத்தே" என்றாள்.

இலையில் உட்கார்ந்த இரண்டு பேரும் நன்றாகவே சாப்பிட்டார்கள். ஒருவர் மட்டும் நடுவில் போனை எட்டிப் பார்த்தார், நான் முறைத்ததும் கவிழ்த்து வைத்துவிட்டார். சாப்பாடு முடிகிற சமயத்தில், திவசம் பண்ணுகிறவன் அவர்களைப் பார்த்து "திருப்தியா?" என்று கேட்க வேண்டும். பித்ருக்கள் அவர்கள் உருவில் வந்து சாப்பிட்டதாக ஐதீகம். ஆகையால் அது அப்பாவைப் பார்த்துக் கேட்கிற கேள்விதான். கேட்டேன். "திருப்தி" என்றார்கள். வாத்தியார் இன்னொரு தடவை கேட்கச் சொன்னார். கேட்டேன். மறுபடியும் திருப்தி என்றார்கள். எனக்கு உச்சி குளிர்ந்தது. பச்சைப் பெயிண்ட் அடித்த மாதிரி இருந்தது. பால்கனிச் சுவரில் சாத உருண்டையை வைத்துவிட்டுத் திரும்புவதற்குள் காக்கையும் வந்துவிட்டது.

"பார்த்தியா? கூப்பிடக்கூட இல்லை, வந்துடுத்து" என்று அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"அதுக்கென்ன, காக்கா. எது வெச்சாலும் திங்கும்" என்றாள்.

எல்லாரும் போன பிறகு நாங்கள் மூன்று பேரும் இலையில் உட்கார்ந்தோம். அம்மா காலையிலிருந்து பச்சைத் தண்ணீர் குடிக்கவில்லை. சர்க்கரைக்காரி அப்படி இருக்கக் கூடாது. "சாப்பிடும்மா, மயக்கம் வரும்" என்றேன். அவள் இலையின் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலை வரை பார்த்தாள். காய்களை ஒவ்வொன்றாகப் பார்த்தாள். இரண்டு வாய் மோர்சாதம் மட்டும் எடுத்துக்கொண்டு இலையை மடக்கப் போனாள்.

"என்னம்மா இது? அந்தக் கிழங்குக்காக இன்னும் கோபமா?"

"கோபம் இல்லடா." குரல் சாதாரணமாகத்தான் இருந்தது. ரேஷன் கடை பூட்டியிருக்கிறது என்று சொல்கிற மாதிரிச் சொன்னாள். "அவர் போன அன்னிக்குக் காலைல என்கிட்ட கேட்டார். ஒரு துண்டு சக்கரவள்ளி குடேன்னு. பக்கத்தாத்துல வாங்கிண்டு வந்து, நீ குளிக்கப் போன நேரத்துல வேக வெச்சேன். முந்தானையில முடிஞ்சு வெச்சிண்டு போனேன். நீ அவர் ரூம்லயே நாற்காலி போட்டு உட்கார்ந்துட்டே. எழுந்திருப்பே, எழுந்திருப்பேன்னு பார்த்தேன். சாயங்காலம் நீ வெளியே போறப்போ குடுக்கலாம்னு இருந்தேன். மத்தியானமே போயிட்டார்."

மனைவி சாதத்தைப் பிசைந்த கையோடு அப்படியே உட்கார்ந்திருந்தாள்.

"அவரைக் கீழே இறக்கிப் படுக்க வெச்சப்போகூட அது என் இடுப்புலதான் இருந்தது. ஆறிப்போயிருந்தது" என்றாள் அம்மா. "அன்னிக்கு ரோட்டுல கையிலேர்ந்து பிடுங்கினே. இன்னிக்கு இலையிலேர்ந்து பிடுங்கிட்டே."

எனக்கு அந்த நாள் நன்றாக நினைவிருக்கிறது. காலையிலிருந்து அப்பா அறையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தேன். பாசத்தினால் உட்கார்ந்திருந்தேன் என்றுதான் இரண்டு வருஷமாக எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். காரணம் அதுவல்ல. அம்மா காலையிலிருந்தே முந்தானையை இடுப்பில் இறுக்கிச் சொருகிக்கொண்டு அறைக்குள் வந்து வந்து போனாள். என்னவோ கொண்டுவந்து கொடுக்கப் பார்க்கிறாள் என்று எனக்குச் சந்தேகம். அதனால்தான் எழுந்திருக்கவில்லை. என் வாழ்க்கையில் சரியாகப் போன சந்தேகங்களில் அதுவும் ஒன்று. நான் நாசமாய்ப் போக.

மறுநாள் ஏரிக்கரையில் பாயைப் பார்த்தேன். பாதிச் சுற்று போன பிறகு எப்படியோ சொல்லி முடித்தேன். பாய் என் தோளில் கையை வைத்தார். ரொம்ப நேரம் கையை எடுக்கவில்லை.

"பாதி கத கேட்டுகினு ஓட்ன ஐயரே. இன்னும் கொஞ்சம் நின்னு கேட்டுகினு போயிருக்கலாம்."

"மீதி என்ன?"

"இங்க வந்தது பரங்கிக் கப்பல்லதான், அது வேற. ஆனா அதுக்கும் முன்னாடி, வெள்ளைக்காரன் கப்பலே எட்டிப் பாக்காத காலத்துல, பசிபிக் சமுத்திரத்துக்கு நடுவுல கீற தீவுங்களுக்கு அந்தக் கெயங்கு போய் சேந்துட்ச்சு. எப்டி போச்சுன்னு இன்னும் சண்ட போட்டுகினு கீறானுங்க. வெத தானா மெதந்து போச்சுன்னு ஒரு கூட்டம். தீவுக்காரன் படகு வலிச்சுகினு அமெரிக்கா வரைக்கும் போய் எட்த்துகினு வந்தான்னு ஒரு கூட்டம். எனக்கு இன்னா தோணும்னா, அது யாவாரத்துக்குப் போன சரக்கு இல்ல ஐயரே. வழியில பசிக்கும்னு ஒரு பொம்பள கட்டிக் குட்த்திருப்பா. கட்டுச்சோறு மாதிரி."

எந்தப் பொம்பளை, யார் பார்த்தது, ஆதாரம் என்ன என்று நான் கேட்கவில்லை. என் ஆயுசிலேயே முதல் தடவை.

வரும் வழியில் தள்ளுவண்டியை நிறுத்தி இரண்டு கிலோ சக்கரவள்ளி வாங்கினேன். தள்ளுவண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் காசை வாங்கிக்கொண்டார். நானே வேக வைத்தேன். தோலை உரித்து, பால்கனிச் சுவரில் அப்பா பெயரைச் சொல்லி வைத்தேன். காக்கைகள் நான்கைந்து வந்து கொத்திக்கொண்டு போயின. அம்மாவைக் கூப்பிட்டேன், வரவில்லை. அவள் அறை வாசலில் போய் நின்றேன்.

"அம்மா, வெச்சுட்டேன். காக்கா எடுத்துண்டுடுத்து."

"காக்காய்க்கு என்னிக்கு வேணும்னாலும் வைக்கலாம்டா. அவர் வருஷத்துக்கு ஒரு நாள்தான் வரார். நேத்திக்கு வந்துட்டுப் போயிட்டார்" என்றாள். "அடுத்த ஆவணிக்கு நான் இருக்கேனோ இல்லையோ."

நான் அழுதேன். பெரிய மனுஷன் மாதிரி இல்லை, மூக்கை உறிஞ்சிக்கொண்டு அழுதேன். அம்மா என்னைத் தேற்றவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "மூஞ்சியை அலம்பிண்டு போய்ச் சாப்பிடு" என்று மட்டும் சொன்னாள்.

அதற்கப்புறம் இருபது நாள் இருக்கும். மழைக் கோட்டு எடுக்க ஸ்கூட்டர் டிக்கியைத் திறந்தால், பூட்டி வைத்த கிழங்கு அப்படியே கிடக்கிறது. அழுகவில்லை. ஒரு பக்கத்தில் ஊதா நிறத்தில் நான்கு முளை விட்டிருந்தது, இருட்டிலேயே. அதைக் கையில் வைத்துக்கொண்டு வண்டி நிறுத்துமிடத்திலேயே கொஞ்ச நேரம் நின்றேன். பிறகு மாடிக்குக் கொண்டுபோய் அம்மாவிடம் நீட்டினேன். இந்தத் தடவை ஒளிக்கவில்லை, பிடுங்கவும் இல்லை.

அம்மா முளைகளை விரலால் தடவிப் பார்த்தாள். "மண்ணுல வை" என்றாள். "நாலு மாசத்துல கிழங்கு வரும். அப்புறம் கொடியைக் கிள்ளிக் கிள்ளி மறுபடி நடு. அடுத்த ஆவணிக்கு இதுலேர்ந்தே எடு. நான் இல்லேன்னா நீயே பண்ணு. உன் பொண்டாட்டி கையால வேண்டாம், உன் கையால. மிளகுப் பொடி, கொஞ்சம் தேங்காய், அவ்வளவுதான். குழைய விட்டுடாதே, அவருக்குப் பிடிக்காது."

இப்போது பால்கனியில் ஒரு பழைய பெயிண்ட் வாளியிலிருந்து கொடி கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழ்வீட்டுக்காரர் ஜன்னல் வரை இறங்கியிருக்கிறது. பட்டியலில் நான் சிவப்பால் அடித்த வரியை மனைவி மறுபடி எழுதிவிட்டாள். அது எந்தக் கப்பலில் வந்தது என்பதைப் பற்றி எனக்கு இனிமேல் பேச்சில்லை.

ஆனால் புத்தி எங்கே போகும்? தினமும் காலையில் எழுந்ததும் அம்மா அறைக்குப் போகிறேன். சத்தம் போடாமல் குனிந்து, நெஞ்சு ஏறி இறங்குகிறதா என்று பார்க்கிறேன். ஒரு தடவை பார்த்தால் திருப்தி வருவதில்லை, இரண்டு மூன்று மூச்சு எண்ணிப் பார்க்கிறேன். ஆவணிக்கு இன்னும் ஏழு மாதம் இருக்கிறது. நேற்று நான் குனிந்திருக்கும்போதே கண்ணைத் திறந்துவிட்டாள்.

"என்னடா பார்க்கறே?"

"ஒண்ணும் இல்லம்மா."

"இருக்கேன், இருக்கேன்" என்றாள். "போய்க் கொடிக்கு ஜலம் விடு."